ஃபெஸ் பழைய நகரில் ரியாத் எடுப்பவர்களுக்கு: முற்றத்துக்கு மயங்காதீர்கள், அறையைக் கேளுங்கள்

ரியாத் என்றால் நடுவே முற்றம் வைத்த பழைய வீடு, இப்போது தங்கும் விடுதி. மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முற்றத்துப் படத்தைப் பார்த்தே பணம் கட்டிவிடுகிறார்கள். நீரூற்று, ஸெல்லீஜ் என்கிற வண்ண மொசைக் ஓடு பதித்த தரை, செதுக்கு வேலை செய்த தேவதாருக் கதவு எல்லாம் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் ஒரே ரியாத்தில் ஒரு அறை ராஜா தூங்குகிற மாதிரி இருக்கும், இன்னொன்றில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். இரண்டுக்கும் வாடகை வித்தியாசம் சில சமயம் சொற்பம். அதனால் எந்த அறை என்று பெயர் சொல்லி, அந்த அறையின் படத்தை வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கட்டவே கூடாது என்பது என் கட்சி.

இந்த வீடுகளுக்குத் தெருப் பக்கம் ஜன்னல் கிடையாது, இருந்தாலும் சின்னதுதான். வெளிச்சம், காற்று, சத்தம் மூன்றும் முற்றம் வழியாகத்தான் அறைக்கு வரும். தரைத்தள அறைகள் உயரமாக, கம்பீரமாக இருக்கும், கோடையில் குளுகுளுவென்றும் இருக்கும். ஆனால் வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தால் எதிரே மற்றவர்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். உச்சி மாடி அறைக்கு வெளிச்சம் அபாரம், ஜூலை வெயிலில் கொதிக்கும். முற்றத்தைச் சுற்றி ஓடும் நடையை ஒட்டிய முதல் மாடி அறைதான் என் தேர்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் படிக்கட்டுப் படத்தையும் கேளுங்கள். பல வீடுகளில் படி குறுகல், ஒவ்வொன்றும் 20 செ.மீ.க்கு மேல் உயரம், லிஃப்ட் அபூர்வம்.

படத்தைப் பெரிதாக்கிச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை. பூச்சு கொப்பளித்திருந்தாலோ வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். பழைய சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு உள்ளவை. ஈரத்தை வெளியே விட்டுவிடும். அவசரத்துக்கு சிமென்ட் பூசி ஒப்பேற்றினால் ஈரம் உள்ளேயே தங்கி, அறை முழுக்கப் பூஞ்சை வாடை அடிக்கும். எவ்வளவு ஊதுபத்தி கொளுத்தினாலும் போகாது. குளியலறையில் நல்ல தத்லாக்த் (தண்ணீர் தாங்கும் சுண்ணாம்புப் பூச்சு) என்றால் சுண்ணாம்பைக் கல்லால் தேய்த்து, கறுப்பு ஆலிவ் சோப்பு ஏற்றிப் பளபளப்பாக்கியிருப்பார்கள். மழுங்கிய திட்டுகளும் மூலைகளில் விரிசலும் தெரிந்தால் பராமரிப்பு சரியில்லை. குளியலறைக்குக் கதவா, திரையா என்பதையும் கேட்டுவிடுங்கள். திரை மட்டும் போட்ட உயர்தர ரியாத்துகளும் உண்டு.

டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் 5 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். கூரையில்லாத முற்றம், கல் தரை, அறைக்கு உயர்ந்த மேற்கூரை. ஒரு சின்ன ஹீட்டர் காணவே காணாது. சூடும் தரும் ஏசி அந்த அறையிலேயே இருக்கிறதா, மழைக்கு முற்றத்தை மூட வழி உண்டா, எல்லோரும் காலையில் குளிக்கும் நேரத்தில் வெந்நீர் தாங்குமா என்று கேளுங்கள்.

அடுத்தது வழி. ஃபெஸ் எல்-பாலி என்கிற இந்தப் பழைய நகரின் சந்துகளுக்குள் கார் நுழையாது. பத்தா, அய்ன் அஸ்லிதென், ர்சீஃப் போன்ற இடங்களில் டாக்ஸி நின்றுவிடும். அங்கிருந்து எத்தனை நிமிட நடை, ஏற்றமா இறக்கமா என்பதுதான் கேள்வி. பாப் பூஜ்லூத் வாசலிலிருந்து தலா கெபீரா தெரு வழியாக இறங்குவது சுகம், பெட்டியோடு திரும்பி ஏறுவது வேறு கதை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே மேப் தடுமாறும், முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். வண்டி நிற்கும் இடத்துக்கே ரியாத்திலிருந்து ஆளும் தள்ளுவண்டியும் வருமா, கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் "அந்தப் பாதை மூடியாச்சு, நான் கூட்டிப்போறேன்" என்பவர்களை நம்ப வேண்டாம். ஷுவாரா தோல் பதனிடும் இடத்துக்கு மிக அருகில் என்றால், வெயில் நாளில் நாற்றத்தில் மொட்டைமாடியில் உட்கார முடியாது.

பணத்தில், ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி பெரும்பாலும் தனியாக வரும். அதைப் பல இடங்களில் அந்நாட்டு நாணயமான திர்ஹாமில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

இரவுச் சாப்பாடு அங்கேயே வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அன்றன்று சந்தையில் வாங்கித்தான் சமைக்கிறார்கள். சைவக்காரர்கள் "காய்கறி கூஸ்கூஸ்" (ஆவியில் வேகவைத்த ரவை உணவு) என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். கறி வேகவைத்த சாற்றில்தான் அந்தக் காய்களும் பெரும்பாலும் வேகும். ஹரீரா சூப்பிலும் கறி இருக்கலாம். சாறும் கறி இல்லாமல் வேண்டும் என்று சமையல்காரரிடமே சொல்லும்படி ரியாத்காரர்களிடம் கேளுங்கள்.