ஆபரேஷனோடு முடிவதில்லை

பிறவிக் கண்புரையைச் சீக்கிரம் அகற்றினால் குழந்தைக்குப் பார்வை கிடைத்துவிடும் என்று கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது முழுக்கச் சரி. ஆனால் அதற்குப் பிறகு வரும் வருஷங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதுதான் என் ஆதங்கம்.

காரைக்குடியில் என் தம்பி மகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் புரை. கைக்குழந்தையிலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. உண்மையான பாடு அதன் பிறகுதான். நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி ஒட்டுப் போட்டால்தான் மூளை மற்ற கண்ணைப் பயன்படுத்தப் பழகும். பிள்ளை வளவில் தூணுக்குப் பின்னால் போய் நின்று பிளாஸ்திரியைப் பிய்த்துவிடுவாள். "தெரியிற கண்ணைப் போயி ஏன்த்தா மூடுறீக?" என்று அப்பத்தா சண்டைக்கு வருவார்கள். பெரியவர்களுக்கும் டாக்டரே எடுத்துச் சொன்னால்தான் வீட்டில் இது நடக்கும்.

இன்னொன்று, கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா). 7 மாதம் நிறைவதற்குள் ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்த 114 குழந்தைகளை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்தார்கள். 10 வருஷத்தில் சுமார் 22 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது. உள்ளே லென்ஸ் வைத்ததாலும் அந்த ஆபத்து குறையவில்லை. பல சமயம் வலியே இருக்காது, அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும். கண் வளர வளரக் கண்ணாடி பவரும் மாறும்.

மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறதே என்று செக்கப்பை விட்டுவிடும் குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. ஆயுசுக்கும் பரிசோதனை வேண்டும் என்பதைத் தயவுசெய்து கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.