புகலிடத்தில் வேட்டை இருக்கட்டும், ஈயம் போகட்டும்

அமெரிக்காவின் தேசியக் காட்டுயிர்ப் புகலிடங்களில் வேட்டையே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'எங்கள் காசில் வாங்கிய நிலம், நாங்கள் சுடுவோம்' என்று மார்தட்டுகிறவர்களோடும் இல்லை.

அந்தக் காசுக் கணக்கையே பார்ப்போம். நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிற 16 வயது நிரம்பிய எவரும் வாத்து முத்திரை எனும் கூட்டரசு வேட்டைச் சீட்டை வாங்கியாக வேண்டும். 1934இல் வந்த ஏற்பாடு. இப்போது விலை 25 டாலர். அதில் 98 விழுக்காடு ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. மறுக்க முடியாத பங்களிப்பு. ஆனால் 1937ஆம் ஆண்டு பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 விழுக்காடு வரியையும் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். அது இந்தப் புகலிடங்களுக்கு அல்ல, மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் போகிற பணம். மேலும், புகலிடங்களின் தரைப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அலாஸ்காவில் இருக்கிறது. அது பெரும்பாலும் ஏற்கெனவே அரசு நிலம்தான்.

1903இல் ஃபுளோரிடாவின் பெலிகன் தீவை முதல் புகலிடமாக அறிவித்ததே, தொப்பி இறகுக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியதை நிறுத்தத்தான். 1997ஆம் ஆண்டுப் புகலிடச் சட்டமோ வேட்டையை ஆறு முன்னுரிமைப் பயன்பாடுகளில் ஒன்றாக வைத்தது. ஆனாலும் புகலிடம் எதற்காக உருவானதோ அந்த நோக்கத்துக்கு வேட்டை கெடுதல் செய்யாது என்று அதன் மேலாளர் எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும். என் வாதமெல்லாம் அந்த ஒரு நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது.

வெண்வால் மான் பெருகிவிட்ட காட்டில் ஓக் கன்று இடுப்பளவுகூட வளராது. தரையில் கூடு கட்டும் பறவைக்கு மறைவு இருக்காது. கருத்தடை ஊசி என்றால் ஒவ்வொரு பெட்டை மானையும் தேடிப் போட்டு, மறுதவணையும் போட வேண்டும். சிறு தீவில் நடக்கும், பரந்த காட்டில் நடக்காது. அதனால் மான் வேட்டையை ஏற்கிறேன், பெட்டை மானைச் சுட அனுமதிச்சீட்டு தருவதாக இருந்தால். கொம்புக்காக ஆண்மானை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது. மிஞ்சும் ஓர் ஆண் பல பெட்டைகளோடு சேரும்.

எனக்கு ஆறவே ஆறாதது ஈயம்தான். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளுக்கு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. வாத்து கூழாங்கல் என்று நினைத்துச் சேற்றிலிருந்து விழுங்கும்; அரைவைப்பையில் அது அரைபட்டு இரத்தத்தில் கலக்கும். ஓரிரு குண்டே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். ஆனால் மான் வேட்டைக்கு இப்படி நாடு முழுக்கத் தடை இல்லை. ஈயத் தோட்டா மானுக்குள் வெடித்துச் சிதறும். காயத்திலிருந்து பல அங்குலம் தள்ளியும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எக்ஸ்ரேயில் தெரிகின்றன. வேட்டைக்காரர் குடலை அங்கேயே எறிந்துவிட்டு இறைச்சியோடு போகிறார். அந்தக் குடலுக்குத்தான் வெண்தலைக் கழுகு வருகிறது, கலிஃபோர்னியா காண்டோர் வருகிறது. 1982இல் இருபத்துச் சொச்சமாகச் சுருங்கிப்போன இனம் அது. அதைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டால், இன்றும் அதைக் கொல்லும் காரணங்களில் முதலிடம் ஈயத்துக்குத்தான். புகலிடங்களில் ஈயத்தைப் படிப்படியாக நிறுத்தும் ஆணை 2017 ஜனவரியில் வந்தது; மார்ச்சிலேயே ரத்தானது.

'செப்புத் தோட்டா சரியாகக் கொல்லாது' என்பார்கள். பெரும்பாலும் தோட்டாவை மாற்றிவிட்டுக் குறியைச் சரிபார்க்காமல் காட்டுக்குப் போவதால் வரும் வினை அது. செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடையில் தோட்டா நீளமாகும், அடிபடும் புள்ளியும் மாறும். ஒரு படி எடை குறைத்து, 180 கிரெய்னுக்கு (தோட்டா எடையின் அலகு) பதில் 165 எடுத்து, 100 கஜத்தில் புதிதாகக் குறி வைக்க வேண்டும். வேகம் குறைந்தால் செம்பு விரியாது. ஆகவே மிகத் தொலைவில் சுடக் கூடாது. வாத்துக்கு எஃகுக் குண்டு என்றால் இரண்டு அளவு பெரியதாக எடுக்க வேண்டும்: ஈயத்தில் 4 என்றால் எஃகில் 2 (எண் குறையக் குறையக் குண்டு பெரிது). பழைய ஃபுல் சோக் குழலில், அதாவது வாய்ப்பகுதி மிகக் குறுகிய குழலில், எஃகைப் போட்டால் குழல் பாழாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, பறவைகளுக்காக வேட்டைக்கு மூடி வைக்கும் ஓய்வுப் பகுதி. வலசைப் பறவைகளின் மீறக்கூடாத சரணாலயம் என்று வாங்கிய நிலத்தில் அவற்றை வேட்டையாடப் பொதுவாக 40 விழுக்காட்டுக்கு மேல் திறக்க முடியாது. வரைபடத்தில் மூடியதாகக் காட்டும் மீதி, பனிக்காலத்தில் வற்றிக் கிடந்தால் பயனில்லை. வெடிச்சத்தத்துக்கு எழும்பிப் பறந்துகொண்டே இருக்கும் வாத்து, வலசைக்குச் சேர்த்த கொழுப்பைத்தான் எரிக்கிறது.

வேட்டைத் திட்ட வரைவு பொதுக் கருத்துக்கு வரும்போது 'வேண்டும்', 'வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். மூடிய பகுதியில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும், பெட்டை மானுக்கு எத்தனை சீட்டு, ஈயத்துக்கு எந்தத் தேதியோடு முடிவு என்று கேளுங்கள்.