கெலிங் என்பது சங்கிலிச் சத்தம் அல்ல

மலேசியாவின் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்தோம். கூட வந்த அண்ணன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "கெலிங்னா என்னா தெரியுமா? நம்ம ஆளுங்கள கால்ல சங்கிலி போட்டுக் கொண்டாந்தானுங்க. நடந்தா கிலிங் கிலிங்னு சத்தம் வரும். அதான் பேரு" என்றார். அங்கே தமிழர்களை ஏசும் சொல் அது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கூசிப் போனவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அண்ணே, அந்தக் கதை பொய். இதை ஊரறியச் சொல்லவே எழுதுகிறேன்.

விலங்கு பூட்டிய இந்தியக் கைதிகள் பினாங்குக்கு வந்தது உண்மை. ஆனால் அது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1512 - 1515 காலத்திலேயே மலாக்காவைப் பற்றி எழுதிய போர்ச்சுக்கீசியர் தோமே பீரெஸ், நம் வணிகர்களைக் 'கெலின்' என்று குறிக்கிறார். சொல்லின் வேர் கலிங்கம். இன்றைய ஒடிசாவும் வட ஆந்திரக் கரையும். அந்தக் கரைக்காரர்களுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர், பிறகு தென்னிந்தியாவிலிருந்து போன எல்லோர்மேலும், முக்கியமாக நம்மேல், ஒட்டிக்கொண்டது. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுக்கீசியர், அங்கிருந்த இந்து வணிகர்களுக்குத் தலைவராகப் பெண்டஹாரா பதவியில் அமர்த்திய நைனா சத்துவும் ஒரு கெலிங்தான். சங்கிலி ஆட்டிக்கொண்டு வந்தவரா அவர்? கப்பல் வைத்திருந்தவர்!

1801இல் அந்தப் பள்ளிவாசல் எழக் காரணமான காதர் முகைதீனும் அப்படித்தான். 'கப்பித்தான் கெலிங்' என்றால் கெலிங் மக்களின் தலைவர். அது அவருடைய பதவிப் பெயர். நம்மவர்கள் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன பிற்காலத்தில்தான் சொல்லில் ஏளனம் ஏறியது. இன்று அது வசவு. ஒரு தமிழரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதை நான் எந்த நாளும் ஏற்க மாட்டேன். அதற்காகப் பள்ளிவாசலின் பெயரை மாற்றச் சொன்னால், அதையும் ஏற்க மாட்டேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதே வேலையை நாமும் செய்திருக்கிறோம். அதே பினாங்கில் பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரை இருக்கிறது. அந்த ஃபெரிங்கியும் நம்முடைய பரங்கியும் ஒரே சொல். சிலுவைப் போர்க் காலத்தில் அரபுகள் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் ஃபிராங்க் இனத்தின் பெயரால் அழைத்தார்கள். அது பாரசீகத்தில் ஃபரங்கி ஆகி, வணிகர் வாய்வழியாகக் கடலெல்லாம் பரவியது. போர்ச்சுக்கீசியர் நம் கரையில் இறங்கியபோது பெயர் தயாராக இருந்தது. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய். தாய்லாந்தில் வெள்ளைக்காரரும் ஃபராங், கொய்யாப்பழமும் ஃபராங்! இரண்டு காய்களுமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஐரோப்பியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தவை.

அத்தோடு விட்டோமா? ஒரு கொடிய நோய்க்குப் பரங்கிப்புண் என்று பெயர் வைத்தோம். 'பரங்கியன்' என்று பல்லைக் கடித்துத் திட்டினோம். இலங்கையிலோ பறங்கியர் என்பது இன்றும் ஒரு சமூகத்தின் முறையான தமிழ்ப் பெயர்.

பினாங்கு அண்ணனுக்கு இதையெல்லாம் அன்று மாலையே சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எம் பொண்ணுக்கும் இந்தச் சங்கிலிக் கதையத்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார்.