திருநர் சட்டம்: திருச்சி சிவாவின் மசோதா சட்டமானதா?

"திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 2019 திருநர் பாதுகாப்புச் சட்டம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. அது தவறு. தனிநபர் மசோதா என்பது அமைச்சரல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதா.

திமுக உறுப்பினரான சிவா 2014 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்த மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று அங்கே நிறைவேறியது. பல பத்தாண்டுகளாக எந்தத் தனிநபர் மசோதாவும் எட்டாத இடம் அது. பெருமைப்பட வேண்டிய உழைப்பு. ஆனால் மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஓர் அவையோடு நின்ற மசோதா சட்டமாகாது.

2019இல் சட்டமானது ஒன்றிய அரசு தனியாகக் கொண்டுவந்த மசோதா. வேறுபாடு பெயரளவில் மட்டும் இல்லை. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 விழுக்காடு இடஒதுக்கீடு, திருநர் உரிமைகளுக்கான தனி நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சிவாவின் மசோதா கேட்டது. 2019 சட்டத்தில் இரண்டும் இல்லை. அரசு மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு, அதாவது மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழுவுக்கு, அனுப்பக் கோரியவரே சிவாதான். அந்தத் தீர்மானம் 2019 நவம்பர் 26 அன்று தோற்றது. இரண்டையும் ஒன்றாக்கினால், கிடைக்காத இடஒதுக்கீடு கிடைத்துவிட்டதாகத் திருநர்களே நம்பி ஏமாற நேரும். அதுதான் வருத்தம்.

இரு மசோதாக்களும் அவை விவாதங்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ளன. யாரும் படித்துச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.