பி.டி. பீரியடில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்

தொடக்கப் பள்ளிக்கு பி.டி. வாத்தியார் இல்லை, மைதானம் இல்லை, பிள்ளைகள் எப்படி ஓடுவார்கள் என்று கேட்கிறோம். நியாயம்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரை 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், கேட்கிறது. அதற்குக் கீழே எல்லாம் வகுப்பாசிரியர் தலையில்.

ஆனால் மைதானமும் நேரமும் இருக்கிற பள்ளியிலும் பாதிப் பேர் ஓடுவதில்லை. அதற்கு நாம் வைக்கும் விளையாட்டுதான் காரணம். கோ-கோவைப் பாருங்கள். துரத்தும் அணியில் 9 பேர். 8 பேர் உட்கார்ந்திருக்க ஒருவர் துரத்துவார். எதிரணி மூன்று மூன்று பேராக உள்ளே வரும். 18 பேரில் ஒரு நேரத்தில் ஓடுவது 4 பேர். 40 பேர் வகுப்பென்றால் மிச்சமுள்ள 22 பேர் கைதட்டலாம். போட்டிக்கு அருமையான ஆட்டம், பீரியடுக்கு அல்ல. அவுட் ஆனவரை உட்கார வைக்கும் ஆட்டங்கள் இன்னும் மோசம்: மெதுவாக ஓடும் பிள்ளை முதல் நிமிடத்திலேயே வெளியே. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடல் இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யாருக்கு அது அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்கே ஓய்வு கொடுக்கிறோம்.

லாக் அண்ட் கீ வையுங்கள். 20 பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் கோலப்பொடியால் ஒரு கட்டம்; 40 பேருக்கு இரண்டு. சுவர், குழாயடி, படிக்கட்டிலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போடுங்கள், ஓடும் பிள்ளை கோட்டில் நிற்காது. பிடிப்பவர்கள் 3 பேர், தோளில் துணிப் பட்டையோடு. ஒரே ஆளை விட்டால் களைத்துப்போவார். மெதுவான பிள்ளையாக இருந்தால் கேலிப்பொருளாகிவிடுவார். பிடிபட்டவர் நின்ற இடத்தில் சிலையாக நிற்க, இன்னொருவர் தொட்டு விடுவிக்கலாம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துப் பிடிப்பவர்களை மாற்றுங்கள்.

இடமே இல்லையா, ஸ்கிப்பிங் போதும். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும், நீளமானால் காலில் சிக்கும். எடையில்லாத மெல்லிய பிளாஸ்டிக் கயிறு சரியாகச் சுழலாது. விரல் பருமன் பருத்திக் கயிறுதான் சரி. ஒன்றாம் வகுப்பில் பலருக்குத் தனியாகக் குதிக்க வராது. 4 மீட்டர் கயிற்றைப் பெரியவர்கள் இருவர் சுற்ற, நடுவில் குதிக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: மைதானத்தைச் சுற்றி ஓடு, தோப்புக்கரணம் போடு என்று தண்டனை தராதீர்கள். அப்புறம் ஓட்டம் என்றாலே பிள்ளைக்குக் கசக்கும். பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு டீச்சர்களைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். அரசுப் பள்ளியில் காலை உணவு, மதியம் முட்டையோடு சத்துணவு என்று இரண்டு வேளை ஓரளவு பாதுகாப்பு. ஓட்டை விழுவது 11 மணி இன்டர்வெலில். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. வாசலில் தொங்கும் பாக்கெட் சரங்களை நீங்களே பாருங்கள். வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் பிஸ்கட்டும் பெரிய மாற்றமில்லை: சாதாரண இனிப்பு பிஸ்கட் 100 கிராமில் 20 முதல் 25 கிராம் சர்க்கரை.

சுண்டல் கொடுங்கள். காலையில் தாளித்துச் சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்துப் புளித்துவிடும். தேங்காய் போட்டால் இன்னும் சீக்கிரம். தேங்காய் வேண்டாம், நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி, 25 கிராம், 6 கிராமுக்கு மேல் புரதம். ஓடிக்கொண்டே தின்றால் புரையேறும், உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். வகுப்பில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வாழைப்பழத்தைத் தோலோடு டப்பாவில் வையுங்கள், பையில் போட்டால் புத்தகம்தான் சாப்பிடும். கொய்யா சீசனில் வேறு எதுவும் தேட வேண்டியதில்லை.

தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்புகிறதா? பிள்ளையைத் திட்டுமுன் பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அங்கே போகப் பயந்துதான் பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், தண்ணீரே குடிப்பதில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் இதைக் கேளுங்கள்.