கோட்டை வியூ மனையாம்!

ராயக்கோட்டை மலையடிவாரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே ஒரு மனையை வாங்கிவிட்ட வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

கோட்டையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திப்பு காலத்துப் போரில் 1791-ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை, இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். தொல்லியல் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, இல்லையென்றால் 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த எல்லை எங்கே ஐயா இருக்கிறது?

மேலே கண்ணுக்குத் தெரியும் மதிலிலிருந்து அளக்கக் கூடாதாம், பாதுகாக்கப்பட்ட நிலத்தின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டுமாம். வில்லங்கச் சான்றில் அது இல்லை, பட்டாவிலும் இல்லை. புரோக்கரோ "கோட்டை வியூ சார்" என்று சொல்லியே சென்ட்டுக்கு விலை ஏற்றினார். பிளான் போட்டு எடுத்துப் போன பிறகுதான் ஒரு மேஜையில் "தொல்லியல் தடையில்லாச் சான்று எங்கே?" என்கிறார்கள்.

அப்புறம் உயரம். அனுமதி கொடுத்தாலும் அதற்கு ஒரு வரம்பு வைக்கிறார்கள். தளம் வரைக்கும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். கைப்பிடிச் சுவர், படிக்கட்டு ஹெட்ரூம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துத்தான் உயரமாம். தொட்டியை இறக்கினால் மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வரும். ஹெட்ரூமை எடுத்தால் மழைத் தண்ணீர் படிக்கட்டு வழியாக ஹாலுக்கு வரும். இதற்கு நடுவில் அப்பா, தொட்டி கன்னிமூலையில் உசரமாக நின்றே ஆக வேண்டும் என்கிறார். வாஸ்துவுக்கும் சட்டத்துக்கும் பஞ்சாயத்து பண்ண நான் யார்? இன்ஜினியர் சலிக்காமல் மாற்றி வரைகிறார், ஒவ்வொரு தடவைக்கும் தனிக் காசு. வாடகை ஒரு பக்கம், மனைக் கடன் வட்டி ஒரு பக்கம்.

எனக்குப் புரியாதது இதுதான். கோயில் நிலம் என்றால் பதிவு அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணைத் தட்டியதும் பத்திரம் நின்றுவிடுகிறது. அதே கம்ப்யூட்டரில் "இந்த மனை கோட்டை எல்லைக்கு 300 மீட்டருக்குள்" என்று ஒரு வரி காட்ட என்ன கேடு? முத்திரைத் தீர்வையை வாங்கும்போது மட்டும் என் மனை எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்ததே!