எதிர்வீட்டு அண்ணன் போனில் எங்கள் வீட்டு முற்றம்

எதிர்வீட்டில் பைக் திருடு போனது. இன்னும் 11 மாச டியூ பாக்கி. மறு வாரமே மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமரா ஏறியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மதுரையில் எங்கள் தெரு எப்படிப்பட்டதென்றால், ஒரு ஆட்டோ வந்தால் எதிரே வரும் ஸ்கூட்டி யார் வீட்டுப் படியோரமாவது ஒதுங்கணும். அங்கே மாடியிலிருந்து கீழே பார்த்து கேமரா வைத்தால் பாதிப் படம் எங்கள் வீடுதான். ஒருநாள் அம்மா நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கோலம் போட வந்தாள். ஏன் என்றேன். "அந்தக் கண்ணு பாக்குதுல்ல." 68 வயது. சொந்த வாசல்.

தம்பி உடனே, "ஸ்டேஷன்ல எழுதிக் குடு" என்று குதித்தான். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சரி. ஆனால் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தரவைத் தொடுவதில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பவனுக்கு. கோலம் போடுவது அதில் வராது, அண்ணனும் அப்படிப்பட்ட ஆள் இல்லை. குடியிருப்புக்குள் உடன் இருப்பவர் சம்மதமில்லாமல் கேமரா கூடாது என்று 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அது ஒரே வீட்டுப் பங்காளித் தகராறு. நடுவே தெரு ஓடும் எங்கள் கதைக்கு அது பொருந்துமா என்பதை வக்கீலுக்குக் காசு கட்டித்தான் தெரிந்துகொள்ளணும். பேசிப் பார்ப்பதே மலிவு.

"திருப்பி வைங்க" என்று ஆரம்பிக்கவில்லை. "அண்ணே, கேமராவுல எதுவரைக்கும் தெரியுது, காட்டுங்களேன்" என்றேன். ஆசையாகத் திறந்து காட்டினார். எங்கள் குழாயடி, கொடியில் காயும் துணி, திறந்த கதவு வழியே ஃபிரிட்ஜ் வரை தெரிந்தது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த மதினிதான் முதலில் பேசினார்: "ஏங்க, நம்ம கேட்டு பாதிதானே தெரியுது?"

அண்ணன் முகம் சுருங்கியது. "இத்தனை வருசம் பழகிட்டு, நாங்க தப்பாப் பாப்போம்னு நெனைக்கிறியாம்மா?"

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் "அய்யோ, இல்லண்ணே" என்று சொல்லித் திரும்பி வந்துவிடுவோம். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. "நீங்க பாக்க மாட்டீங்கண்ணே. மாட்டிட்டுப் போன பையன் போட்ட பாஸ்வேர்டை மாத்துனீங்களா?" என்றேன். மாற்றவில்லை. அதில் மைக் இருப்பதும் அவருக்குத் தெரியாது. தம்பியும் நானும் வீட்டுப் பத்திரம் பற்றிப் போட்ட சண்டை எந்த ஹார்ட் டிஸ்கில் தூங்குகிறதோ!

"மறைக்க என்ன இருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. மூலைவீட்டு ஆச்சியும்தான் நாள் முழுக்கத் தெருவையே பார்க்கிறார் என்பார்கள். ஆச்சி பார்ப்பது நமக்குத் தெரியும். "எங்கடி கெளம்பிட்ட?" என்று கேட்டும் விடுவார். நாலு நாள் கழித்து ரிவைண்ட் பண்ணி, பெரிதாக்கி, மச்சானுக்கு வாட்ஸப்பில் அனுப்ப ஆச்சியால் முடியாது.

கேமரா வையுங்கள் என்று போலீஸ் சொல்கிறது. சென்னையில் 'மூன்றாவது கண்' என்று பெயரே வைத்தார்கள். எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று யாரும் சொல்வதில்லை. மாட்டும் பையனுக்கோ 'ஃபுல் கவரேஜ்' காட்டினால்தான் பெருமை. சுவரில் ட்ரில் போடும் முன் எதிர்வீட்டைக் கூப்பிட்டு "இதுவரைக்கும் தெரியும், பரவாயில்லையா?" என்று கேட்க வேண்டியவர் கேமரா வைப்பவர்தான். போய்ப் பேசி, கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்ததுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

வேலை என்னவோ கால்மணி நேரம்தான். கேமராவைக் கொஞ்சம் இறக்கித் திருப்பினார்கள். மீதித் தெரிந்த எங்கள் முற்றத்தின் மேல் செட்டிங்ஸில் 'பிரைவசி மாஸ்க்' போட்டதும் கறுப்புக் கட்டம் விழுந்தது. மைக்கையும் அணைத்தார்கள். பாதிக் கூலி நீட்டினேன்; அண்ணன் வாங்கவில்லை. ரெண்டு நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை.

கறுப்புக் கட்டத்தை போட்டோ எடுத்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"அவங்க நெனைச்சா இதை எடுத்துரலாம்ல?"

இன்று காலையும் துண்டு போர்த்தித்தான் கோலம்.